ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

பொங்கலூர்

அன்புள்ள தங்கத்துக்கு,

லீக்கில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்த அணி, ஃபைனலில் ஒரே ஒரு ஆட்டம் தோற்றதற்காகக் கோப்பையைப் பறிகொடுப்பது நியாயமா என்று கேட்டிருந்தாய். குறுவட்டப் போட்டியில் பந்தைத் தொட்ட பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். 2012 மே 13ஆம் தேதி இஸ்தான்புல்லில் நடந்த ஆட்டத்தைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

ஐரோப்பாவின் பெரிய கூடைப்பந்து கிளப்புகள் மோதும் போட்டி யூரோலீக். மாதக்கணக்கில் லீக் நடக்கும். முடிவில் நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடும்; அதுதான் ‘ஃபைனல் ஃபோர்’. வெள்ளிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. சறுக்கினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

அந்த ஆண்டு மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. முதல் சுற்றின் 10 ஆட்டங்களையும் வென்றிருந்தது. சீசனின் சிறந்த வீரர் விருது பெற்ற ஆந்திரே கிரிலென்கோ அந்த அணியில்தான் இருந்தார். எதிரே கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். செலவைச் சுருக்கி, இளைஞர்களை நம்பி இறங்கிய அணி. மூன்றாவது குவார்ட்டரில் ஸ்கோர் 53-34. பத்தொன்பது புள்ளி பின்தங்கிய அணி மேல் யாருக்கும் நம்பிக்கை இருந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். மிச்சமிருந்த ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடத்தில் சி.எஸ்.கே.ஏ. எடுத்தது வெறும் 8 புள்ளி, ஒலிம்பியாகோஸ் 28. இது அதிர்ஷ்டத்தால் நடக்கிற காரியம் இல்லை. முன்னிலையில் இருந்தவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைத் தள்ளப் பார்த்தார்கள். 24 விநாடி முடியும் தறுவாயில் அவசரமாக எறிந்தார்கள். துரத்தியவர்கள் டிஃபென்ஸை இறுக்கி, ஒவ்வொரு பந்தாகப் பிடுங்கி வந்தார்கள்.

கடிகாரத்தில் 9.7 விநாடி. 61-60 என்று சி.எஸ்.கே.ஏ. முன்னிலை, பந்தும் அவர்கள் கையில். ஒலிம்பியாகோஸ் வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. ஒரு குவார்ட்டரில் ஓர் அணியின் ஃபவுல் ஐந்தை எட்டினால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ; ஆனால் ஃபவுல் விழுந்ததும் கடிகாரம் நின்றுவிடும். பின்தங்கிய அணி புள்ளியைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறது. உன் கோச் “இப்போ ஃபவுல் போடு” என்று கத்துவது இதற்காகத்தான்.

சி.எஸ்.கே.ஏ.வுக்காக ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தவர் லிதுவேனியாவின் ராமூனாஸ் ஷிஷ்காவுஸ்காஸ். 2008இல் யூரோலீக்கின் சிறந்த வீரர். இரண்டு முறை கோப்பையைத் தூக்கியவர். தடுக்க யாரும் இல்லை. வளையம் எப்போதும்போல் 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. இரண்டும் தவறின. ஒலிம்பியாகோஸின் ஸ்பனூலிஸ் பந்தோடு பாய்ந்தார், இரண்டு பேர் தன்மேல் திரும்பியதும் சக வீரர் பிரிண்டேஸிஸிடம் கொடுத்தார். அவர் மெதுவாக மிதக்கவிட்ட பந்து 0.7 விநாடி மிச்சமிருக்கையில் உள்ளே விழுந்தது. 62-61.

இந்தத் தோல்வியை ஷிஷ்காவுஸ்காஸ் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம். பத்தொன்பது புள்ளியைக் கரைத்தது மொத்த அணி. உன் தோழி யாராவது கடைசி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டால் முதலில் இதை நினைத்துக்கொள்.

சரி, உன் கேள்விக்கு வருவோம். யார் சிறந்த அணி என்று நிதானமாக அளக்க நீண்ட தொடர்தான் ஏற்றது. 2023இல் ரியல் மாட்ரிட் காலிறுதியில் பார்ட்டிசானிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றது. ஐந்து ஆட்டத் தொடர் என்பதால் மூன்றை வென்று மீண்டது. பிறகு கவுனாஸ் நகரில் நடந்த இறுதியில் 35 வயது செர்ஜியோ யுல் மூன்று விநாடி இருக்கையில் போட்ட ஒரே கூடையால் 79-78 என்று வென்றது. தோற்றது அதே ஒலிம்பியாகோஸ். அந்த ஆட்டத்தில் யுல் எடுத்ததே அந்த இரண்டு புள்ளிதான். தொடர் ஒரு அணியின் ஆழத்தைக் கேட்கிறது, இறுதி ஆட்டம் அன்றைய நாற்பது நிமிடத்தை மட்டும் கேட்கிறது. இரண்டையும் வெல்கிறவரிடம் கோப்பை போவதில் குறை காண இடமில்லை.

டிவியில் ஐரோப்பாவைத் தேட வேண்டாம். கோவையில் ஆண்களுக்கான நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் நடக்கின்றன. நம் ரோட்டிலேயே கிழக்கே பஸ் ஏறினால் காங்கேயம், வெள்ளகோவில் தாண்டிக் கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை. அரையிறுதி நாளில் போ. கடைசி ஐந்து நிமிடம் பந்தை மட்டும் பார்க்காதே. ஸ்கோர் போர்டில் இரு அணியின் ஃபவுல் எத்தனை, டைம் அவுட் எத்தனை மிச்சம் என்று நோட்டில் குறித்துக்கொள். ஃப்ரீ த்ரோவுக்கு வருகிறவர் ஐந்து விநாடிக்குள் என்ன செய்கிறார், எத்தனை முறை பந்தைத் தட்டுகிறார் என்றும் எழுது. அந்த நோட்டை அடுத்த மாதம் வரும்போது காட்டு.

அன்புடன்,
சித்தப்பா