‘இன்னும் ஒரே ஒரு ஸ்பின், மாமா’

அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பொங்கல் லீவுக்குத் திருமங்கலம் போயிருந்தபோது, “மாமா, நாப்பத்தொம்பது ரூபா மட்டும் அனுப்புங்க, டைமண்ட் வாங்கணும்” என்று வந்து ஒட்டிக்கொண்டான். அனுப்பினேன். போனில் அவன் ஆடும் கேமில், துப்பாக்கிக்குப் போர்த்தும் டிராகன் ஸ்கின் ஒன்று அவனுக்கு வேண்டும். அதை விலை போட்டு விற்றால் வாங்கிவிட்டுப் போவான். விற்கவில்லை. எட்டுக் கட்டம் போட்ட சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள். டைமண்டை, அதாவது கேமுக்குள் செல்லும் காசை, கொடுத்தால் சக்கரம் சுற்றும். முதலில் விர்ரென்று சுற்றியது. பிறகு டிக், டிக் என்று தளர்ந்து, டிராகன் கட்டத்துக்குள் நுழைந்து, நின்றுவிடும் போலப் போக்குக் காட்டி, அடுத்த கட்டத்தில் போய் உட்கார்ந்தது. கிடைத்தது பாராசூட்டுக்கு ஒரு புது நிறம்.

“ச்சே, ஜஸ்ட் மிஸ்! இன்னும் ஒரே ஒரு ஸ்பின், மாமா.”

பக்கத்து நாற்காலியில் அத்தான் பேப்பரில் ஆன்லைன் ரம்மி செய்தி படித்துக்கொண்டிருந்தார். “இவனுங்களை எல்லாம் தூக்கி உள்ள போடணும்” என்றார். “இதுவும் அந்த வகையறாதான் அத்தான்” என்று பையன் கையிலிருந்த போனைக் காட்டினேன். அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது: “அவன் என்ன காசு வெச்சா ஆடுறான்? பொம்மைக் கேம்டா, விடு.”

சூது என்று பேச்செடுத்தால் தருமரையும் வள்ளுவரையும் கூப்பிடுவது நம் வழக்கம். அவர்களைத் தொந்தரவு செய்யப்போவதில்லை. அவர்கள் காலத்துத் தாயக்கட்டை ராத்திரி இரண்டு மணிக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பவில்லை.

நம்பிக்கை: “காசு ஜெயிக்க வழியே இல்லை. அப்புறம் எப்படி அது சூதாட்டம்?”

அக்கா சொன்னதைத்தான் கேம் கம்பெனிகளின் வக்கீல்களும் சொல்கிறார்கள். சூதாட்டம் என்று சொல்ல மூன்று விஷயம் வேண்டும்: முன்னால் வைக்கும் பணம், நம் கையில் இல்லாத முடிவு, ஜெயித்தால் மதிப்புள்ள ஒரு பொருள். டிராகன் ஸ்கின்னைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது, ஆகவே மூன்றாவது இல்லை என்பது வாதம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெட்டிக்கடைப் பிரைஸ் அட்டை ஞாபகம் இருக்கும். அட்டை நிறைய மடித்து ஒட்டிய குட்டிச் சீட்டுகள். காசு கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு சாமான். பெரும்பாலும் ஊதினால் வெடிக்கிற பலூன். எல்லோர் கண்ணும் உச்சியில் தொங்கும் பெரிய பரிசின் மேல்தான். அதில் யாரும் காசு ஜெயிக்கவில்லை. ஆனால் மிட்டாய்க்கென்று வீட்டில் கொடுத்த நாலணாக்கள் அங்கேதான் போயின. என் அப்பாவுக்குச் சட்டம் தெரியாது. பார்த்ததும் “சூதாடிட்டு வந்திருக்கான்” என்றுதான் சொன்னார்.

இன்று லூட் பாக்ஸ், கிரேட், காச்சா, லக்கி ஸ்பின் என்று பல பெயரில் வருவது அந்த அட்டைதான். காசு உறுதி, பொருள் உறுதியில்லை. ஜப்பானில் காச்சா வகையில் ஒன்று, பல சீட்டை எடுத்துத் தொகுப்பு சேர்த்தால்தான் அரிய பொருள் என்ற ‘கொம்ப்பு காச்சா’. அதை 2012-லேயே அந்த நாட்டு நுகர்வோர் துறை சட்டவிரோதம் என்றது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்டர் ஸ்ட்ரைக் ஆகியவற்றின் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. பக்கத்து நெதர்லாந்தில் கதை வேறு. ஃபிஃபா விளையாட்டின் லூட் பாக்ஸ்களுக்காக விதித்த 1 கோடி யூரோ அபராதத்தை 2022-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. பெட்டி தனி விளையாட்டு அல்ல, பெரிய விளையாட்டின் ஒரு பகுதி என்பது அதன் காரணம். பக்கத்துப் பக்கத்து நாடுகளே இரண்டு விதமாகச் சொல்லும் அளவுக்குக் கோடு அழிந்துகிடக்கிறது.

மதிப்பில்லை என்பதும் முழு உண்மையில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கி ஸ்கின்கள் நிஜப் பணத்துக்குக் கைமாறின. அவற்றையே சில்லறைக் காசாக வைத்துப் பந்தயம் நடத்தும் தளங்கள் முளைத்தன. கடைசியில் 2016-ல் அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனமே அத்தளங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று.

பிரிட்டன் ஆய்வாளர்கள் டேவிட் ஜெண்டிலும் பால் கேர்ன்ஸும் 2018-ல் ஒரு தொடர்பைக் காட்டினார்கள்: லூட் பாக்ஸில் அதிகம் செலவழிப்பவர்களிடம் சூதாட்டச் சிக்கலும் அதிகம். பெட்டி அவர்களைச் சூதாடிகள் ஆக்கியதா, சூதாட்ட நாட்டம் உள்ளவர்களைப் பெட்டி இழுத்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டில் எது என்றாலும் கல்லாவில் விழுவது சிக்கலில் இருப்பவரின் காசுதான்.

நம்பிக்கை: “ஜஸ்ட் மிஸ் ஆச்சு, அடுத்தது வந்துரும்.”

சக்கரத்தில் எட்டுக் கட்டமும் ஒரே அளவு. அதனால் எட்டில் ஒரு வாய்ப்பு என்று கண் கணக்குப் போடுகிறது. எங்கே நிற்பது என்பதைக் கட்டத்தின் அளவு முடிவு செய்வதில்லை. இப்படிப்பட்ட மென்பொருளில் பொத்தானை அமுக்கியதும் ஓர் எண் எடுத்தாகிவிடும். அதன் பிறகு சுற்றுவதும் தளர்வதும் எல்லாம் நாடகம்.

இந்த வித்தை கேம்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. 1984-ல் டெல்னஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். சூதாட்ட விடுதிகளின் ஸ்லாட் இயந்திரத்தில் கண்ணுக்குத் தெரியும் சக்கரத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத நீண்ட எண்பட்டியல் ஒன்றை வைக்கும் முறை அது. பெரிய பரிசுக்கு அந்தப் பட்டியலில் ஓரிரு இடம் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றுக் கட்டங்களுக்கு நிறைய இடம் கொடுத்தால், ஆடுபவர் மயிரிழையில் தவறவிட்டுக்கொண்டே இருப்பார். 2009-ல் லூக் கிளார்க் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். மயிரிழையில் தோற்பது, முழுத் தோல்வியாக இருந்தும், வெற்றி தட்டியெழுப்பும் பகுதிகளைத் தட்டியெழுப்புகிறது. ஆடியவர்களும் அது பிடிக்கவில்லை, ஆனால் இன்னொரு தடவை ஆடத் தோன்றுகிறது என்றார்கள். பையன் “ச்சே” என்றதும் அதே மூச்சில் “இன்னும் ஒண்ணு” என்றதும் அதுதான்.

நம்பிக்கை: “ரம்மி திறமை விளையாட்டு. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு.”

சொன்னது உண்மை. 1968-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றில் போலீஸ் புகுந்த வழக்கில், விழும் சீட்டுகளை ஞாபகம் வைத்து அடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, மூணு சீட்டு போல அல்ல என்றது நீதிமன்றம். ரம்மி விளம்பரங்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: வேறு வழியில் சூதாட்டம் நடந்தாலோ, இடம் கொடுப்பவர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தாலோ அது குற்றமாகலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு எடுத்துக்கொள்ளும் செயலியைப் பற்றி அந்த நீதிபதிகள் கனவு கண்டிருக்க முடியாது. ஆனாலும் அந்த வரி தீர்ப்பில் இருக்கிறது.

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி அந்தக் கிளப் சூதாட்ட விடுதியா என்பது. ஆடுபவர் அடிமையாவாரா என்று யாரும் அங்கே கேட்கவில்லை. அதைக் கேட்டால் திறமை என்ற சொல் ஆபத்தைக் கூட்டுகிறது என்பேன். லாட்டரியில் தோற்றவர் அதிர்ஷ்டத்தைத் திட்டிவிட்டு எழுந்து போவார். ரம்மியில் தோற்றவர் ‘அந்த ஜோக்கரை விட்டிருக்கக் கூடாது’ என்று தன்னைத் திட்டிக்கொண்டு அடுத்த மேசையில் உட்காருவார். எலன் லாங்கர் என்ற உளவியலாளர் 1975-ல் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டுகளை விற்றுப் பார்த்தார். பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டைத் திருப்பி விற்கச் சராசரியாக 2 டாலருக்கும் குறைவாகக் கேட்டார்கள். தானே பொறுக்கிய சீட்டுக்கு 8 டாலருக்கு மேல். கை பட்டதும் திறமை வந்துவிட்டதாக மனசு நம்புகிறது.

கல்யாண வீட்டுத் திண்ணையில் சீட்டுக் கலைப்பார்கள், வெட்டுவார்கள், ஒருத்தர் வெற்றிலை போடுவார், ஒருத்தர் வம்புக்கு இழுப்பார், விடிந்தால் முகூர்த்தம். செயலியில் கலைப்பதற்கும் நேரம் ஆகாது, முகூர்த்தமும் வராது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி ஏறும்போது கையைப் பிடித்து இழுக்க ஒரு மச்சினன்கூட அங்கே இல்லை.

நம்பிக்கை: “அதான் தடை பண்ணிட்டாங்களே.”

கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு 2021-ல் போட்ட தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சேர்த்த பட்டியலை மட்டும் நீக்கியது. 2025-ல் வந்த மாநில விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது. சூதாடியின் வீட்டு ராத்திரியை அறிந்தவர் யாரோ எழுதிய விதி அது. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது.

அதே 2025 ஆகஸ்டில் மத்திய அரசு திறமையா அதிர்ஷ்டமா என்ற பட்டிமன்றத்தையே மூடிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. 22-ஆம் தேதி ஒப்புதல். முதல் தடவை மாட்டும் நடத்துபவருக்கு 3 ஆண்டு சிறை, 1 கோடி ரூபாய் அபராதம் வரை போகலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை, அது நியாயம். கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11-கூடப் பணப் போட்டிகளை நிறுத்தியது. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஓடும் தளங்களுக்கு நம் எல்லை தெரியாது. லூட் பாக்ஸைச் சட்டம் பெயர் சொல்லித் தொடவும் இல்லை. அத்தான் திட்டிய ஆட்டத்தின் மேல் கதவு சாத்தியாயிற்று. பையன் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம்பிக்கை: “மன உறுதி இல்லாதவன்தான் மாட்டுவான்.” அதன் தங்கை: “கேம் ஆடுற பிள்ளை எல்லாம் அடிமை.”

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் சூதாட்ட நோயைக் குடி, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. மஞ்சள்காமாலை வந்தவரிடம் மன உறுதி பற்றி யாரும் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு நோய் சூதாட்ட நோய்க்கு அடுத்த எண்ணிலேயே இருக்கிறது. 2022 முதல் நடைமுறை. ஆனால் அதன் வரையறை கறாரானது: கட்டுப்பாடு போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ள வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், இது பொதுவாக 12 மாதம் நீடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற பையன் இதில் வரமாட்டான். நேரத்தை எண்ணுவதைவிட வங்கிக் கணக்கில் 49, 99 என்று போன சின்னத் தொகைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை தடவை போனது, எந்த மணிக்குப் போனது என்பதே சொல்லிவிடும். கைமீறிவிட்டது என்று தோன்றினால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள்.

நம்பிக்கை: “ஒரு பெர்சன்ட் சான்ஸ்னா, நூறு தடவை சுத்தினா கட்டாயம் வரும்.”

இதைச் சொன்னது மருமகன். கேமிலேயே 1% என்று போட்டிருந்ததாம். கணக்கு வாத்தியார் மாதிரி ஆரம்பித்தால் ஓடிவிடுவான் என்று அக்காவின் புளிப்பானையைத் தேடினேன். நூறு புளியங்கொட்டை, அதில் ஒன்றைத் தாயத்துக்கு உரசுவது போலத் தரையில் உரசி வெள்ளையாக்கினோம். எடுத்துப் பார், திருப்பிப் போடு, குலுக்கு, மறுபடி எடு. நூறு தாண்டியது. வெள்ளை வரவில்லை. நூறு தடவை எடுத்தும் ஒரு தடவைகூட வராமல் போக 37% வாய்ப்பு இருக்கிறது. முந்நூறு தடவை எடுத்தாலும் நூறு பேரில் ஐந்து பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். சுற்றுக்கு 49 ரூபாய் என்று வைத்தால் அதற்குள் 14,700 ரூபாய்.

“திருப்பிப் போடாம எடுத்தா நூறுக்குள்ள வந்துரும்ல?” என்றான்.

வரும். அது பிரைஸ் அட்டை. கிழிக்கக் கிழிக்கச் சீட்டுக் குறையும், கடைசிச் சீட்டுக்குள் பரிசு வந்தே ஆக வேண்டும். நம் நம்பிக்கை அங்கே பிறந்தது. கேம் ஒவ்வொரு சுற்றுக்கும் புது அட்டையை மாட்டுகிறது. இத்தனை சுற்றில் நிச்சயம் என்று சில கேம்கள் உறுதி தருவதுண்டு. அப்போது பாதி வழி வந்தவன் ‘இவ்வளவு போட்டாச்சு, விட்டுட்டுப் போறதா’ என்று மீதியையும் போடுவான்.

அதிலும் போட்டிருக்கும் எண்ணை நம்பினால்தான் இந்தக் கணக்கெல்லாம். தென்கொரியாவில் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில், ஆடுபவர்கள் மிகவும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகளின் வாய்ப்பைச் சொல்லாமல் சுழியத்துக்குக் குறைத்திருந்தார்கள். வணிகப் போட்டி ஆணையம் 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்கு 1,160 கோடி வான் அபராதம் போட்டது.

பையனிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. நூற்றி நாற்பது தாண்டியதும் அவனுக்கே சலித்து, பானை வாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான்.

“மாமா, அந்த வெள்ளைக் கொட்டையை நீங்க உள்ள போட்டீங்களா, இல்லையா?”

பானையைத் தரையில் கவிழ்த்துக் காட்டினேன்.