வரலாறு கற்பிக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

நியமனம் கிடைத்ததும், ஆரையம்பதிப் பக்கம் வரலாற்று ஆசிரியையாகப் போவதும் அறிந்து மிகுந்த சந்தோசம். உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காகப் படித்துவிட்டால் மதவெறி தானாக ஒழிந்துவிடும்தானே அக்கா, என்று. ஒழியாது. இந்த மாவட்டத்தில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். அந்த நம்பிக்கையோடு வகுப்புக்குள் போனால் சீக்கிரமே சோர்ந்துபோவீர்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய தேவாலயங்களிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்களும் இருந்தார்கள். தாக்கியவர்களில் பலர் நன்கு படித்தவர்கள், வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் என்று அரசே சில நாட்களில் அறிவித்தது. ஒருவர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர். இரண்டு பேர் பெரிய வாசனைத் திரவிய வியாபாரியின் மக்கள். படிப்பில்லாமையும் வறுமையும்தான் காரணம் என்று பேசிப் பழகியவர்கள் அன்று பதிலில்லாமல் நின்றார்கள்.

எந்த மதத்தை எடுத்தாலும் இதே கதைதான். 1995 மார்ச்சில் தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுவை விட்ட ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தில் இதய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். பௌதிகமும் இரசாயனமும் கற்றவர்கள் இருந்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலை முன்னின்று நடத்திய முகமது அத்தா, கெய்ரோவில் கட்டடக்கலையும் ஹம்பேர்க்கில் நகரத் திட்டமிடலும் படித்தவர். டியேகோ கம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டோக் என்ற இரு ஆய்வாளர்கள் இஸ்லாமியத் தீவிரவாத அமைப்புகளில் இருந்தவர்களின் படிப்பை ஆராய்ந்து, பொறியியல் கற்றோர் எதிர்பாராத அளவுக்கு அதிகம் என்று கண்டார்கள். படித்தும் தகுந்த வேலை கிடைக்காத ஏமாற்றம் ஒரு காரணம். எதற்கும் ஒரே விடை, எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு வேண்டும் என்ற மனப்போக்கு மற்றது என்கிறார்கள். கலைப்பிரிவுக்காரர்களாகிய நாம் இதைப் படித்து நிம்மதி அடைய வேண்டியதில்லை. இடதுசாரி ஆயுதக் குழுக்களில் நம்மைப் போன்ற கலை, சமூகவியல் பட்டதாரிகளே நிறைந்திருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

தூரத்துக்கு ஏன் போக வேண்டும்? கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது 1945இல். எழுத்தறிவு 90 வீதத்தைத் தாண்டிய நாடு நம்முடையது. அந்த நாட்டில்தான் தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறை நடந்தது. முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் 2014இல் அளுத்கமை, 2018இல் திகன எரிந்தன. பாடசாலைகளைச் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பிரித்து வைத்தோம். ஒரே பாடசாலைக்குள் இருந்தாலும் சமய பாடவேளை வந்ததும் பிள்ளைகள் தனித்தனி அறைக்குப் பிரிந்து போகிறார்கள். பக்கத்து அறையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்பதைப் பதினொரு வருடம் படித்தும் அறியாமலே சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள். நமது வரலாற்றுப் பாடமும் கடந்தகால வினாத்தாளை மனனம் செய்து, புள்ளித்திட்டத்தில் உள்ள விடையை அப்படியே எழுதும் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. விடை ஒன்றுதான், அதை மேலே ஒருவர் வைத்திருக்கிறார் என்று நாமே பழக்கிவிட்ட பிள்ளையிடம், அதைவிட உறுதியான குரலில் ஒருவன் வேறொரு விடையைச் சொன்னால் அவள் எதைக் கொண்டு மறுப்பாள்?

நாம் பேசாமல் விடுவதை வெளியே யாரோ பேசிவிடுகிறார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் அந்த ஆண்டுகளில் இரத்தம் சிந்தின. நம் மாவட்டத்தில் இவற்றை அறியாத வீடு இல்லை. ஆனால் வகுப்பறையில் இவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளை தன் பக்கத்துக் காயத்தை மட்டும் வீட்டில் கேட்டு வளர்கிறது. பிறகு அதே காயத்தை வைத்துப் பேசுகிறவன் கைபேசியில் வருகிறான். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிம் தன் காணொளிகளில் பேசியது நம் தமிழில்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். 1990இல் தொடங்காதீர்கள், ஆசிரியைக்கும் பிள்ளைகளுக்கும் அது இன்னும் ஆறாத புண். 1915இல் தொடங்குங்கள். கண்டியில் வெசாக் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்தபோது மூண்ட சச்சரவு நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி, முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் கொள்ளை போயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள்தாம் முதலில் அடிபட்டார்கள். பிரித்தானியர் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களவர்களைச் சுட்டார்கள். தலைவர்களைச் சிறையில் போட்டார்கள். ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் கடல் கடந்து லண்டன் போய்ச் சிங்களவருக்காக வாதாடினார். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். அந்த வண்டியின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் பெருமையோடு படிக்கிறார்கள். கடை எரிந்த குடும்பத்து முஸ்லிம் பிள்ளை அதே கதையைக் கேட்கும்போது என்ன நினைக்கும்? தங்களைத் தாக்கியவர்களுக்காக அல்லவா அவர் கப்பலேறினார்?

சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற இந்த மூன்று பார்வைகளையும் ஒரே பாடவேளையில் மேசை மீது வையுங்கள். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எதைச் சொல்லாமல் விட்டார் என்று பிள்ளைகளையே கேட்க விடுங்கள். அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவருக்காக வாதாடியதும் உண்மை, கடை இழந்தவருக்காக அந்தக் குரல் எழாமல் போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்து மனதில் வைத்திருக்க ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையால் முடியும். நான் பார்த்திருக்கிறேன். வகுப்பு சத்தமாக இருக்கும், பாடத்திட்டம் ஒரு கிழமை பிந்தும், அதிபர் கேட்பார். பரவாயில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். குண்டோடு புறப்பட்டவனை உங்கள் பாடம் நிறுத்தாது. அது பாதுகாப்புத் துறையின் வேலை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் அவர்கள் அதைச் செய்யவில்லை என்பதை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அந்தத் தவறை ஆசிரியர்களின் தலையில் கட்ட யாரையும் விடாதீர்கள். நம்மால் முடிவது, வெறியன் பேசும்போது சுற்றி நின்று தலையாட்டும் கூட்டத்தைச் சிறிதாக்குவது. அதைச் சின்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். சஹ்ரான் ஓதிய அரபுக் கல்லூரியே அவரை வெளியேற்றியது. காத்தான்குடி முஸ்லிம்களே அவருக்கு எதிராகப் பொலிஸில் முறையிட்டார்கள். மார்க்கத்தை ஆழமாக அறிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே சமயக் கல்வியைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கேள்விக்கு இடம் கொடுக்கும் மௌலவியும் குருக்களும் போதகரும் உங்கள் சக ஆசிரியர்கள். உடுப்பையோ தாடியையோ பார்த்து ஒரு பிள்ளையைச் சந்தேகிப்பவர் யாராயினும், உங்கள் வகுப்பறையில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளையைத்தான் வெறியர்கள் தேடி வருகிறார்கள்.

உங்கள் பாடசாலையிலிருந்து காத்தான்குடி எல்லை கூப்பிடு தூரம். அங்கும் வரலாறு கற்பிக்க ஒரு இளம் ஆசிரியர் இருப்பார், உங்களைப் போலவே புள்ளித்திட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு. முதல் தவணை முடிவதற்குள் அவரைப் போய்ப் பாருங்கள். 1915 பாடத்தை இருவரும் சேர்ந்து தயாரித்து, இரண்டு வகுப்பையும் ஒரே மண்டபத்தில் இருத்தி நடத்துங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி கேட்பதற்கு என் பெயர் உதவுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அக்கா