பழைய காசைப் படிக்கலாம் வாருங்கள்

உங்கள் வீட்டில் பழைய காசு இருக்கிறதா? அஞ்சறைப் பெட்டியின் அடியில் இருக்கலாம். பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கலாம். சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் முடிந்தும் இருக்கலாம். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் காசு என்ன விலை போகும்?

"பழசு ஆக ஆக விலை கூடும்" என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. காசின் விலையை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

1. அது எந்த உலோகம்?
2. எவ்வளவு எடை?
3. அதைப் போன்ற காசுகள் நாட்டில் நிறைய இருக்கின்றனவா, கொஞ்சம்தான் இருக்கின்றனவா?
4. எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

இந்த நான்கையும் அறிய முதல் படி, காசில் உள்ளதைப் படிப்பது. நமக்கு எண் படிக்கத் தெரியும். அதுவே பாதி வேலை.

முகத்தைப் பாருங்கள்

நம் நாட்டு வீடுகளில் அதிகம் கிடைக்கும் பழைய காசு, வெள்ளைக்காரர் காலத்து வெள்ளி ரூபாய். 1835-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரியான ரூபாயைக் கொண்டுவந்தது. அதில் இங்கிலாந்து ராஜா நாலாம் வில்லியம் தலை இருந்தது. அதன் பிறகு ராஜா மாறினால் காசில் முகமும் மாறியது.

பெண் முகம் இருந்தால் அது விக்டோரியா ராணி காசு. 1840-ஆம் வருடக் காசில் ராணி தலையில் கிரீடம் இல்லை. 1862 முதல் 1901 வரை உள்ள காசில் கிரீடம் உண்டு.

தாடி உண்டு, கிரீடம் இல்லை என்றால் அது ஏழாம் எட்வர்டு. வருடம் 1903 முதல் 1910 வரை இருக்கும்.

தாடியும் உண்டு, கிரீடமும் உண்டு என்றால் அது ஐந்தாம் ஜார்ஜ். இந்தக் காசு 1911 முதல் வந்தது.

கிரீடம் உண்டு, தாடி இல்லை என்றால் அது ஆறாம் ஜார்ஜ். 1938 முதல் 1947 வரை உள்ள ரூபாயில் இவர் முகம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-இல் ராஜா முகம் போய் அசோகர் தூணின் சிங்கங்கள் வந்தன. அப்போதும் கணக்கு அணாதான். 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல் 100 புதிய காசு ஒரு ரூபாய் ஆயிற்று.

வருடத்தைப் பாருங்கள்

வருடம் ஏன் முக்கியம்? வெள்ளியின் அளவு வருடத்துக்குத் தக்கபடி மாறியது.

1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. ஒரு பங்குதான் வேறு உலோகம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மக்கள் வெள்ளிக் காசைப் பதுக்கினார்கள். அரசாங்கம் வெள்ளியைக் குறைத்தது. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி.

1947-ஆம் வருட ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல் காசு. அதன் ஒரு பக்கம் புலி நிற்கும்.

இந்த மூன்று வகை ரூபாயும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல் வெள்ளையாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எண்தான் காட்டிக் கொடுக்கும்.

எடையும் காந்தமும்

முழு ரூபாயின் எடை 11.66 கிராம். இதுதான் ஒரு தோலா. அந்தக் காலத்தில் தராசில் படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாயையே வைத்து நிறுத்தார்கள். அரை ரூபாய் 5.83 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். ரொம்பவும் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்.

1939 வரை உள்ள ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை உள்ள ரூபாயில் சுமார் 5.8 கிராம்.

பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை எடுத்துக் காசருகே கொண்டு போங்கள். வெள்ளி ஒட்டாது. நிக்கல் ஒட்டும். இரும்பும் ஒட்டும். வெள்ளிக் காசு என்று ஒருவர் கொடுத்தது காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஆனால் ஒட்டாதது எல்லாம் வெள்ளி என்று சொல்ல முடியாது. செம்பும் பித்தளையும் கூட ஒட்டாது. அதனால் காந்தம், எடை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பெரியம்மாவின் ஐந்து ரூபாய்

எங்கள் மையத்துக்கு வரும் பெரியம்மா ஒருவரிடம் ஐந்து பழைய ரூபாய் இருந்தது. மாமியார் கொடுத்தது. பேத்தியின் பள்ளிச் செலவுக்காக அதை விற்க நினைத்தார். தெருவில் வந்த வியாபாரி, "காசுக்கு 200 ரூபாய் தருகிறேன் அம்மா, ஐந்துக்கும் சேர்த்து 1000 ரூபாய்" என்றார்.

பெரியம்மா உடனே கொடுக்கவில்லை. "நாளைக்கு வாப்பா" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஐந்தையும் மையத்துக்குக் கொண்டு வந்தார். வருடங்களை அவரே படித்தார். "1862, 1907, 1919, 1944, 1947."

"பெரியம்மா, இதில் முழு வெள்ளி எத்தனை?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினார். "முதல் மூன்றும் முழு வெள்ளி. 1944 பாதி வெள்ளி. 1947-இல் ஒன்றும் இல்லை."

அன்று வெள்ளி கிராம் 100 ரூபாய். கரும்பலகையில் கணக்குப் போட்டோம்.

மூன்று முழு வெள்ளிக் காசு: 3 × 10.7 × 100 = 3210 ரூபாய்.
ஒரு பாதி வெள்ளிக் காசு: 5.8 × 100 = 580 ரூபாய்.
மொத்தம் 3790 ரூபாய்.

கடைக்காரர் கழிவு பிடிப்பார். தேய்மானத்துக்கும் கொஞ்சம் குறைப்பார். அப்படியும் 1000 ரூபாய்க்கு மிக மேலே வரும். மறுநாள் வியாபாரி வந்தபோது பெரியம்மா விற்கவில்லை. "முதலில் எடை போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெள்ளி விலை தினமும் மாறும். விற்கும் நாளில் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழசெல்லாம் அரிதா?

பெரியம்மாவிடம் இருந்ததில் மிகப் பழையது 1862. அதுதான் அதிக விலை போகும் என்று வகுப்பில் பலரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. 1862 என்ற வருடத்தை மாற்றாமல் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ரூபாய் அடித்தார்கள். அதனால் அந்த வருடக் காசு ஏராளம்.

அதைவிட இளைய காசு அரிதாக இருக்கலாம். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வெளிவந்தது. ராஜாவின் அங்கியில் ஒரு யானை உருவம் இருந்தது. மக்கள் கண்ணுக்கு அது பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அரசாங்கம் அந்தக் காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. அடுத்த வருடம் யானையைத் திருத்தி வரைந்தார்கள். அதனால் 1911 ரூபாய் குறைவு. 1939-ஆம் வருட ரூபாய் அதைவிடக் குறைவு. இதனால் வேறு வருடக் காசின் கடைசி எண்ணை மாற்றி 1939 என்று விற்கிறவர்களும் உண்டு. அந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

வருட எண்ணே ஏமாற்றும் இடமும் உண்டு. பரோடா சமஸ்தானத்துக் காசில் நாகரி எண்ணில் 1948 என்று இருந்தால் அது 1948 இல்லை. அது விக்ரம சம்வத் கணக்கு. 57-ஐக் கழிக்க வேண்டும். 1891 வரும். ஐதராபாத் நிஜாமின் சார்மினார் ரூபாயில் இருப்பது ஹிஜ்ரி வருடம். அங்கே 1343 என்றால் நம் கணக்கில் 1924.

வெளிநாட்டிலும் இப்படி ஒரு காசு உண்டு. ஆஸ்திரியா நாட்டு ராணி மரியா தெரசாவின் பெரிய வெள்ளிக் காசில் 1780 என்று இருக்கும். அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் அந்தக் காசைத்தான் நம்பினார்கள். அதனால் ராணி இறந்த பிறகும் அதே வருடம் போட்டே அடித்து வந்தார்கள். 1940, 1941-இல் நம் பம்பாய் நாணயச் சாலையிலும் அடித்தார்கள். 1780 என்று படித்ததும் 200 வருடப் பழசு என்று பணம் கொடுத்துவிடக் கூடாது.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

காசு கறுத்திருந்தால் புளி, சாம்பல், எலுமிச்சை, பற்பசை போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். பழைய காசுக்கு இது கூடாது. தேய்த்த காசில் கோடு விழும். எழுத்து மழுங்கும். சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். மாலை கோக்க வளையம் பற்ற வைத்த காசுக்கும் பெரும்பாலும் வெள்ளி விலைதான் கிடைக்கும்.

காசின் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். உறையின் மேல் வருடம், முகம், எடை மூன்றையும் எழுதி வையுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள் மூன்று வகை

முதல் வகை, கைபேசியில் வருவது. "இந்த 5 ரூபாய் காசு இருந்தால் 10 லட்சம்" என்று விளம்பரம் வரும். 2012 என்று வருடம் போட்ட வைஷ்ணவ தேவி காசைக் காட்டியும் இப்படிச் சொல்கிறார்கள். போன் செய்தால், "பதிவுக் கட்டணம் கட்டு, வரி கட்டு, கமிஷன் கட்டு" என்பார்கள். கட்டிய பணம் திரும்பாது. ரிசர்வ் வங்கி பெயரையும் சொல்வார்கள். பழைய காசு வாங்கும் விற்கும் வேலையில் தனக்குச் சம்பந்தம் இல்லை, இதற்காகக் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

இரண்டாம் வகை, அரிசி இழுக்கும் காசு. "இது கம்பெனிக் காலத்துக் காசு. ராமர், அனுமன் படம் உண்டு. இதற்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு. கோடி பெறும்" என்பார்கள். கம்பெனி புழக்கத்துக்கு விட்ட அரை அணாவில் ராமரும் இல்லை, அனுமனும் இல்லை. எந்தச் செம்பும் அரிசியை இழுக்காது. அரிசியோடு இரும்புத் தூளைச் சேர்த்துக் காந்தத்தால் இழுத்துக் காட்டுவது வித்தை.

மூன்றாம் வகை, குறைந்த விலை சொல்லி அவசரப்படுத்துவது. "இன்றைக்கே கொடு, நாளைக்கு வரமாட்டேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். காசைக் கண்மறைவாக எடுத்துப் போகவும் விடாதீர்கள். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பெரிய ஊர்களில் நாணயச் சேகரிப்பாளர் சங்கங்கள் உண்டு. அங்கே கேட்கலாம்.

மண்ணில் கிடைத்தால்?

வீட்டில் வழிவழியாக வந்த காசு வேறு. வாணம் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைக்கும் புதையல் வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. தெரிவித்தவருக்குப் பங்கோ, ஈட்டுத்தொகையோ கிடைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. மறைத்தவருக்கு அதுவும் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வயது கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

செய்து பாருங்கள்

ஒரு காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேயுங்கள். முகமும் வருடமும் தாளில் வரும். அதை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். காசு வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

பதில் சொல்லுங்கள்

1. தாடி உண்டு, கிரீடம் இல்லை. இது எந்த ராஜா?
2. 1938 ரூபாய், 1943 ரூபாய். எதில் வெள்ளி அதிகம்? ஏன்?
3. பரோடாக் காசில் சம்வத் 1950 என்று இருக்கிறது. நம் கணக்கில் எந்த வருடம்?
4. முழு ரூபாயில் 10.7 கிராம் வெள்ளி என்றால், 1907-ஆம் வருட அரை ரூபாயில் எவ்வளவு வெள்ளி இருக்கும்?
5. பழைய காசு வாங்க வருகிறவர் உங்களிடமே முன்பணம் கேட்கிறார். என்ன செய்வீர்கள்? உங்கள் வீட்டில் உள்ளவர்களோடு பேசி மூன்று வரி எழுதுங்கள்.