நூல் பற்றிய வாக்கியங்களால் அயன்மொழி பயிலுதல்

அயன்மொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணவருட் பெரும்பாலோர் முதற்கண் செய்வது சொற்பட்டியல் எழுதி நெட்டுருச் செய்தலேயாம். இடப்புறம் அயற்சொல்லும் வலப்புறம் அதன் பொருளுமாக நூறு சொற்களை ஓரிரவில் மனப்பாடஞ் செய்வர். தேர்வு முடிந்தபின் அவற்றுட் பல மறந்துபோம். எஞ்சியவற்றைக் கொண்டு ஒரு பக்கந்தானும் படித்தல் இயலாமை கண்டு, 'இம்மொழி நமக்கு வாராது' எனக் கைவிடுவாரும் உளர். குறை அவரது அறிவின்கண் அன்று. கற்ற முறையின்கண்ணே உளது. சொல் வாழுமிடம் வாக்கியம். அதனினின்றும் பிரித்தெடுத்த சொல் கொடியினின்றும் பறித்த மலர்போல் விரைவில் வாடும்.

இதனை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் மொராவியாவிற் பிறந்த கொமேனியஸ் (1592–1670) என்னும் கல்வியாளர். அவர் 1631-ஆம் ஆண்டில் வெளியிட்ட இலத்தீன் பாடநூல், ஏறத்தாழ 8,000 சொற்களை 1,000 வாக்கியங்களில் அமைத்துப் பொருள்வாரியாகக் கற்பித்தது. 1658-இல் நியூரம்பர்க் நகரில் அச்சான அவரது படநூலில், படத்தின் கீழ் இலத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் வாக்கியங்கள் அமைந்தன. அச்சுக்கூடம், புத்தகக் கடை, புத்தகங் கட்டுவோன், புத்தகம் என்பனவும் அப்பாடங்களுட் சேர்ந்தவை.

மாணவனுக்கு நூலினும் ஏற்ற பொருள் வேறு யாது? அஃது எப்பொழுதும் அவன் கையில் உளது. திறத்தல், படித்தல், புரட்டுதல், வாங்குதல், இரவல் கொடுத்தல் ஆகிய வினைகளை வாயாற் சொல்லிக்கொண்டே கையாற் செய்யலாம். ஜெர்மன் மொழியினின்றும் சில சான்றுகள் காட்டுவாம்.

'பூஹ்' என்பது நூல். 'இஹ் லேஸெ டாஸ் பூஹ்' என்பது 'நான் அந்நூலைப் படிக்கிறேன்' எனப் பொருள்படும். 'ஷ்லாகென்' என்னும் வினைக்கு அகராதி முதலிற் கூறும் பொருள் அடித்தல். ஆயின், 'இஹ் ஷ்லாகெ டாஸ் பூஹ் அவுஃப்' என்பார் நூலை அடிப்பவரல்லர்; திறப்பவரே. வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் 'அவுஃப்' என்னும் சிறுசொல் வினையோடு சேர்ந்து பொருளை மாற்றிற்று. இதனைப் பட்டியல் எங்ஙனம் காட்டும்?

'லையென்' என்னும் வினை இரவல் கொடுத்தற்கும் இரவல் வாங்குதற்கும் பொதுவாம். 'இஹ் லையெ டீர் டாஸ் பூஹ்' எனின் 'உனக்கு இரவல் தருகிறேன்' என்பதாம். 'டீர்' என்பதனை 'மீர்' என மாற்றின் 'எனக்கு இரவல் வாங்குகிறேன்' என்பதாம். ஓரெழுத்து வேறுபாட்டால் கொடுப்போன் கொள்வோனாகிறான்! அங்ஙனமே, 'டேர் பண்ட்' என்பது நூலின் ஒரு தொகுதி. 'டாஸ் பண்ட்' என்பது நாடா. 'டேர்' என்பது ஆண்பாலையும் 'டாஸ்' என்பது அலிப்பாலையும் காட்டும். 'தொகுதி தடித்தது', 'நாடா நூலினுள் உளது' என இரு வாக்கியங்கள் கற்றோன் இவ்விரண்டையும் மயங்கான்.

இன்னும் ஒரு நயமுண்டு. 'வைல் இஹ் டாஸ் பூஹ் லேஸெ' என்பது 'நான் அந்நூலைப் படிப்பதால்' என்பதாம். இத்தகைய சார்பு வாக்கியத்தில் வினை, தமிழிற் போலவே, ஈற்றில் நிற்கின்றது. 'ப்ளட்' என்னும் ஒரு சொல் மரத்தின் இலையையும் நூலின் தாளையும் குறிக்கும். பனையோலையில் எழுதிய மரபினராகிய நமக்கு இஃது எளிதில் விளங்கும். அயன்மொழியை வாக்கியத்தாற் பயில்வோன் தன் மொழியின் இயல்பையும் உடன் அறிவான் என்பதற்கு இவையே சான்று.

'நம் முன்னோர் நிகண்டுகளை மனப்பாடஞ் செய்து புலமை எய்திலரோ?' என வினவலாம். எய்தினர், ஆயின், அவர் கற்ற சொற்கள் தாய்மொழிச் சொற்கள், அவற்றைச் செய்யுளிற் கண்டு கண்டு பழகியும் வந்தனர். தொல்காப்பிய உரையாசிரியரும் விதி கூறி அமையாது, எடுத்துக்காட்டுத் தந்தே விளக்கினர். ஆதலின் எடுத்துக்காட்டால் கற்றல் நமக்குப் புதிய நெறியன்று.

இம்முறையைக் கைக்கொள்வார் நான்கனை மறவாதிருத்தல் நலம். ஒரு வாக்கியத்தில் ஒரு புதுச்சொல்லே வருக. வாக்கியம் உண்மையாயிருக்க; கையிலுள்ள நூலைப் பற்றியே கூறுக. ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு வாக்கியங்களில் வழங்குக. மறுநாள், பொருளை மட்டும் நோக்கி வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுக. நாள் ஒன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். விடாது பயிலின் ஓராண்டில் ஆயிரத்தெண்ணூறு சொற்களுக்கு மேல் சேரும்.

அயன்மொழி கற்பதன் பயன் தேர்விற் பெறும் எண்ணோடு முடிவதன்று. பிறநாட்டார் தம் நெஞ்சத்தை எழுதிவைத்த நூல்களைப் பிறர் துணையின்றிப் படித்தலே அதன் பயன். நூலைப் பற்றிய சிறு வாக்கியத்திற் தொடங்குவோன் நூலிற் சென்று முடிவான்.