குதிரைத் தபால் நின்ற வீடு

1860-ல் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருந்து கலிபோர்னியாவுக்குக் கடிதம் போக, குதிரை வண்டியில் மூணு வாரத்துக்கு மேல் ஆகும். ‘பத்தே நாளில் சேர்க்கிறோம்’ என்று ஒரு கம்பெனி கிளம்பியது. அதுதான் போனி எக்ஸ்பிரஸ்.

1860 ஏப்ரல் 3-ல் மிசௌரி மாநிலத்து செயின்ட் ஜோசப் ஊரில் ஆரம்பம். சாக்ரமென்டோ வரைக்கும் சுமார் 3,000 கிலோமீட்டர்! வழியெல்லாம் நிலையங்கள். 15, 20 கி.மீ.க்கு ஒரு தடவை குதிரையை மாத்துவாங்க. சேணத்துக்கு மேல் நாலு பை தைத்த தோல் விரிப்பு ஒன்று கிடக்கும். கடிதம் எல்லாம் அந்தப் பைகளில்தான். விரிப்பை மட்டும் உருவி, அடுத்த குதிரை மேல் போட்டு, ஏறி உட்கார்ந்து ஆள் பறந்துவிடுவான்.

அப்படிக் குதிரை நின்ற வீடு ஒன்று கான்சாஸ் மாநிலத்தில், ஹனோவர் ஊருக்குப் பக்கத்தில், இன்னமும் இருக்கிறது. நீளமான மர வீடு, மேலே பரண். கெராட் ஹோலன்பெர்க் என்ற ஜெர்மானியர் 1857-58 வாக்கில் கட்டினார். மேற்கே குடியேறப் போனவர்களின் மாட்டுவண்டிப் பாதை அந்த வழியாகத்தான் போனது. அவர்களுக்கு மளிகை, சாப்பாடு, தங்க இடம் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. தபால் பிறகுதான் வந்தது.

அந்த வண்டிக்காரங்க இந்தக் குதிரைத் தபாலில் கடிதம் போட்டிருப்பாங்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் கட்டணம் 14 கிராமுக்கு 5 டாலர்! சாதாரணக் கடிதத்துக்கு அப்போது 3 சென்ட் போதும் (ரொம்ப தூரம் என்றால் 10 சென்ட்). 5 டாலரில் 166 சாதாரணக் கடிதம் போடலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள், அரசாங்கம், இவங்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

அப்படியும் கம்பெனிக்கு நஷ்டம்தான். 1861 அக்டோபர் 24-ல் கண்டம் முழுக்கத் தந்திக் கம்பி இணைந்தது. பத்து நாள் செய்தி நிமிஷத்தில் போச்சு. அதோடு குதிரைத் தபாலும் நின்றது. மொத்தம் ஓடியது 18 மாதம் சொச்சம்.

(‘அனாதைப் பையன்களுக்கு முன்னுரிமை’ என்று ஆள் எடுக்க விளம்பரம் போட்டார்களாம். கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்தக் காலத்து மூலப் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.)

மற்ற நிலையங்களில் பெரும்பாலானவை அழிந்தன. அதே இடத்தில், மாற்றிக் கட்டாமல் நிற்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். 1941-ல் கான்சாஸ் அரசு வாங்கியது. 1961-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. மளிகைக்காரர் கட்டின வீடு. ஆனால் பெயர் ‘ஹோலன்பெர்க் போனி எக்ஸ்பிரஸ் நிலையம்’!