ஆளுக்கொரு வரைபடம்

நெப்போலியன் காலப் படையெடுப்பு ஒன்றைப் போர் விளையாட்டாக நடத்தும் நடுவர் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா? முதல் முறை என்றால் 1815 ஜூன் மாத பெல்ஜியப் படையெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 முதல் 18 வரை நான்கே நாள். ஷார்ல்ருவாவிலிருந்து பிரசல்ஸ் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்.

முதலில் அளவு. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர் விளையாட்டுக்கு 1:8,000 வரைபடம். எந்தப் பட்டாளம் எந்த மேட்டில் நிற்கிறது என்று பார்க்க அருமையான அளவு. ஆனால் 50 கிலோமீட்டரை அதே அளவில் விரித்தால் ஆறேகால் மீட்டர் வரும். எனவே நகர்வுக்கு 1:1,00,000 வரைபடம் ஒன்று. அரை மீட்டரில் அடங்கிவிடும். மோதல் நடக்கும் இடத்துக்கு மட்டும் பெரிய அளவு. நகர்வுப் படத்தில் சாலை, ஊர், காடு, பாலம் போதும். சாம்பர் ஆற்றுப் பாலங்களை மட்டும் ஒன்றுவிடாமல் குறியுங்கள்.

முழுப் படம் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். தளபதிகளுக்குத் தனித்தனி நகல்; தன் குதிரைப்படை கண்டு சொன்னதை மட்டும் அவரவர் அதில் குறித்துக்கொள்வார். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லோரும் ஒரே படத்தைச் சுற்றி நின்றால் அது சதுரங்கமாகிவிடும்.

கட்டளைக்கு மூன்று படிகள் போதும்: படைத்தலைவர், இடது அல்லது வலது பக்கத் தளபதி, கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவு) தளபதி. டிவிஷனும் அதற்குக் கீழும் உங்கள் பொறுப்பு. ஆள் போதவில்லையா? கோர்களையும் நீங்களே நடத்துங்கள். பக்கத் தளபதி பதவியை மட்டும் காலியாக விடாதீர்கள். ஏன் என்று ஜூன் 16 சொல்லும். அன்று இரண்டு போர்கள்: கட்ர் பிராவில் இடது பக்கத் தளபதி நேய், லின்யியில் நெப்போலியன். நேயின் கீழ் இருந்த தெர்லோனின் கோர், ஏறத்தாழ 20,000 பேர், பேரரசரின் தூதர் சொல்படி லின்யிப் பக்கம் திரும்பியது. நேய் கோபத்தோடு திரும்ப அழைத்தார். நடந்து நடந்தே பொழுது போயிற்று. இரண்டு போரிலும் அந்தக் கோர் உருப்படியாகக் கலந்துகொள்ளவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு உங்கள் விதிகளில் இடம் வேண்டும். படைத்தலைவர் படி தாண்டிக் கட்டளை அனுப்பலாம், தடுக்காதீர்கள். ஆனால் எல்லாக் கட்டளையும் எழுத்தில்தான்: அனுப்புபவர், பெறுபவர், புறப்பட்ட நேரம், தூதர் போகும் சாலை. தூதருக்கு மணிக்கு 8 கிலோமீட்டர், நடைபோடும் காலாட்படைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 என்று கணக்கு வையுங்கள். சீட்டை நீங்களே வாங்கி, உரிய நேரம் வந்த பிறகே கொடுங்கள். சீட்டு எழுதுவதற்கென்றே படைத்தலைவர் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். பல ஆண்டுகள் நெப்போலியனுக்கு அந்த வேலையைப் பார்த்த பெர்த்தியே 1815-இல் உடன் இல்லை. சூல்ட் அந்த இடத்துக்கு வந்தார். அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை உங்கள் ஆட்டக்காரர்களும் உணரட்டும்.

முழுப் படையெடுப்பையும் தொடங்குமுன் ஜூன் 16-ஐ மட்டும் ஒரு மாலையில் ஒத்திகை பாருங்கள். சீட்டுகள் எங்கே தேங்குகின்றன என்று தெரிந்துவிடும். அதற்கேற்ப விதிகளைத் திருத்திக்கொண்டு மற்ற நாட்களுக்குப் போங்கள்.