‘சரிங்க தொரை’ போதாது

அன்பு மருமகனுக்கு, ஆயர் தாவாரிலிருந்து மாமா எழுதுவது.

தஞ்சோங் பெங்கெலியில் கடற்படைப் பயிற்சி முடிந்து உன்னை லுமுட் தளத்துக்கே போட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகன் பக்கத்தில் இருக்கிறான், நாட்டில் சண்டையும் இல்லை, இனி என்ன கவலை என்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். சண்டை இல்லாத காலத்தில் சீருடைக்காரர்கள் சாவது ஒத்திகையிலும் பயிற்சியிலும் வீட்டுக்குத் திரும்பும் சாலையிலும்தான். அதற்கு நம் பேராக்கை விட்டு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

2024 ஏப்ரல் 23-ஆம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, நீ இப்போது இருக்கும் அதே தளத்தில், கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழா அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்தது. ஒரு ஏடபிள்யூ 139 ஹெலிகாப்டரும் ஒரு ஃபென்னெக்கும் வானத்தில் மோதிக்கொண்டன. ஒன்று விளையாட்டரங்கப் படிக்கட்டில் விழுந்தது, மற்றது நீச்சல் குளத்துப் பக்கம். இரண்டிலும் இருந்த பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. புயலும் இல்லை, எதிரியும் இல்லை. வீட்டார் பார்த்துக் கைதட்டுவதற்காகப் பழகிப் பார்த்த பறத்தல் அது.

அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி. அடுத்த வருஷமும் அதே திருநாளை ஒட்டித்தான் தெலுக் இந்தானில் ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு ஈப்போ திரும்பிய எப்.ஆர்.யூ. போலீஸ்காரர்களின் டிரக் மீது கல் ஏற்றிவந்த லோரி மோதி ஒன்பது பேர் போனார்கள். 2025 மே 13. நம்முடைய சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்ற பிள்ளைகள். ‘நாள் சரியில்லை’ என்று உன் பாட்டி சொல்லத்தான் செய்தாள். நாளில் ஒரு குற்றமும் இல்லை. லோரியின் ஸ்டியரிங் பழுது, அதில் ஏற்றியிருந்த சுமை சட்டம் விட்ட அளவுக்கு மேல் என்று விசாரணைப் பணிக்குழு சொன்னது. அத்தனை கல்லை ஏற்றும்போது சுற்றி நின்றவர்களில் ஒருவன் ‘போதும்பா’ என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இந்த வாய் திறக்கும் விஷயத்தைத்தான். நீ தோட்டத்து வம்சம். உன் தாத்தா விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றவர். தொரை என்ன சொன்னாலும் ‘சரிங்க தொரை’ ஒன்றுதான் பதில். உன் பாட்டி முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தாள், கையுறையும் இல்லை, முகமூடியும் இல்லை. பராகுவாட் களைக்கொல்லி பட்டு நகம் கறுத்தது, மூக்கில் ரத்தம் வந்தது. ‘எனக்கு முடியலீங்க’ என்று ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் நாள்சம்பளம் போகும். அந்த மருந்துக்கு இந்த நாட்டில் முழுத் தடை வந்ததே 2020-இல்தான். மூன்று தலைமுறையாகப் பேசாமல் இருப்பதை மரியாதை என்று படித்துவந்திருக்கிறோம். கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் உன்னை மிஞ்ச ஆளிருக்காது, அது எனக்குத் தெரியும். என் பயமும் அதுதான்.

2018 மே மாதம் லுமுட் தளத்தில் நம் தமிழ்ப் பையன் ஒருவன், அதிகாரி ஆவதற்குப் பயிற்சியில் சேர்ந்த சில நாட்களுக்குள் இறந்துபோனான். வழக்கு ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நடந்தது. யார் குற்றம் என்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளை எவனைக் கண்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே சொல். முந்தின நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு, இவற்றோடு நம் ஊர் வெயிலில் பொதி சுமந்து ஓடுகிறவனைத்தான் சூடு முதலில் அடிக்கும். தண்ணீர் நிறையக் குடித்தவனுக்கு வராது என்று நம்பாதே, குடித்தவனுக்கும் வரும். வேர்த்துக்கொண்டே விழுகிறவனும் உண்டு.

பக்கத்தில் ஓடுகிறவன் தள்ளாடினாலோ, உளறினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ அவன் சோம்பேறி இல்லை, மூளைக்குச் சூடு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள். கத்து, ஓட்டத்தை நிறுத்த வை. நிழலுக்கு இழுத்துச் சட்டையைக் கழற்று. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காதே. ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலையை மேலே பிடித்துக்கொண்டு அதில் இறக்கு, இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறு. முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிப் போவது. அந்த முதல் அரை மணி நேரத்தில் செய்வது ஆஸ்பத்திரியில் பிறகு செய்யும் எதையும்விடப் பெரிது.

கப்பல் விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது, படித்ததைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலை, சிங்கப்பூருக்கு அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தார்கள். உலகத்தின் பெரிய கடற்படை, எந்தக் கருவிக்கும் குறைச்சலில்லை. விசாரித்தால், சுக்கான் கட்டுப்பாட்டைத் தொடுதிரையில் ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள், அது எங்கே போனது என்று தெரியாமல் குழம்பினார்கள். அங்கே நின்றவர்களில் சிலர் வேறு கப்பலிலிருந்து இரவல் வந்தவர்கள், அந்தத் திரையில் சரியாகப் பழகாதவர்கள். தூக்கமும் போதவில்லை. ஆகவே ஒரு புதுக் கருவி முன்னால் உன்னை நிறுத்தினால் தெரிந்த மாதிரி தலையாட்டாதே. ‘துவான், சாயா தா பாஸ்தி’ என்று சொல். நிச்சயமில்லை என்று மேலதிகாரியிடம் சொல்வதற்கு மலாயில் நாலு சொல் போதும். முகம் சுளிப்பார், பரவாயில்லை. திட்டு ஒருநாளில் ஆறிவிடும்.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 25-இல் கேடி பெண்டேக்கார் என்ற நம் கடற்படைக் கப்பல் ஜொகூர் கடலில் மூழ்கியபோது அதிலிருந்த 39 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். நாற்பத்தைந்து வருஷக் கப்பல் போனது, பிள்ளைகள் போகவில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் உன் மோட்டார்மேல்தான். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். லுமுட்டிலிருந்து சித்தியவான் வழியாக ஆயர் தாவார் வரும் சாலை உனக்குத் தெரியும், செம்பனை லோரி இருட்டில் தோட்டத்துச் சந்திலிருந்து திடீரென்று தலை நீட்டும். இரவு முறை முடிந்ததும் அம்மா சமையலை நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். பதினேழு மணி நேரம் தூங்காதவனின் கையும் கண்ணும், சட்டம் விடுகிற எல்லை வரை குடித்தவனுடையது மாதிரியே மந்தமாகும் என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். குடித்தவனையாவது போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிக்கும். தூக்கத்தைப் பிடிக்கக் கருவி இல்லை. படுத்துத் தூங்கி எழுந்து வா, சோறு ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம். கூட்டாளி தூக்கக் கண்ணோடு சாவியை எடுத்தால் அவனிடமும் பேசு. கடலில் வாய் திறக்கிறவன் கேண்டீன் வாசலில் ஏன் மூட வேண்டும்? தெலுக் பாத்தேக் கடற்கரையில் குடித்துவிட்டு இரவில் நீந்தப் போகிற கூட்டத்திடமும் இப்படியே பேசு.

முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி சட்டை வாங்க வேண்டாம். இத்துடன் இருநூறு வெள்ளி அனுப்பியிருக்கிறேன், நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கு. சிரிம் முத்திரை இருக்கிறதா, வார் தாடைக்குக் கீழே இறுக்கமாக நிற்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பார். தீபாவளிக்கு முதல்நாள் உனக்கு முறை எத்தனை மணிக்கு முடிகிறது என்று சொல், நான் காடியோடு தள வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

உன் மாமா